வில்லன் பக்கம் நின்ற நான்கு வாரங்கள்

செய்யாரிலிருந்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், எனக்குக் காது போய்விட்டதோ என்று பயந்தேன். வீட்டின் பின்கட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின. அந்த இரைச்சலிலேயே வளர்ந்த என் நாத்தனார் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். எனக்கு அந்த வித்தை வரவில்லை. பாதித் தூக்கத்தில் நடப்பவளைப் போலத் திரிந்தேன்.

ஞாயிறு மதியம் டிவியில் ஒரு சூப்பர் ஹீரோ தொடர், தமிழ் டப்பிங்கில். தறி ஓடும் வீட்டில் டிவி வெறும் படம்தான். நாத்தனார் என் காதோரம் குனிந்து வசனம் சொல்வாள். பறக்கிற ஹீரோவுக்கு ரொம்ப மெனக்கெட மாட்டாள். "சண்டைக்கு வரான், அவ்ளோதான்" என்று முடித்துவிடுவாள். வில்லனுக்குத்தான் வாரி வழங்குவாள்.

அவன் நரைத்த தாடிக்காரன். உயரமான கட்டடத்தின் ஜன்னலோரம் நின்று ஊரையே பார்த்துக்கொண்டிருப்பான். மஞ்சள் வெயில் அவன் முகத்தில் வழியும். "'எனுக்கு இன்னா வேணும்னு இங்க ஒருத்தராவது கேட்டாங்களா'ன்னு பேசிகினு இருக்கான் அண்ணி" என்பாள். நான் உடனே அவன் பக்கம் சாய்ந்துவிடுவேன். தசையையும் தோளில் பறக்கும் துணியையும் விட்டால் ஹீரோவிடம் என்ன இருக்கிறது? வில்லனிடம் ஒரு மனக்குறை இருந்தது. மனக்குறை உள்ளவனை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். என் கனவிலும் அவன் வந்தான். தறிச்சத்தம் தூரத்து மழையாகக் கேட்க, அதே ஜன்னலோரம் நின்றான்.

ஐந்தாம் ஞாயிறு அமாவாசை. தறிக்கு லீவு. வீட்டுக்குள் கொசு பறப்பதுகூடக் கேட்டது. மாமியாரும் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். முதல்முறையாக வில்லனின் குரலைக் கேட்டேன். ஊரைக் கொளுத்தப்போகிறானாம், எல்லோரும் தன் காலில் விழ வேண்டுமாம். வேறு குறை எதுவும் அவனுக்கு இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டப்பிங்கில் உதடு ஒன்று சொல்லும், தமிழ் ஒன்று சொல்லும். அதைப் பார்த்து யாரால் வசனம் பிடிக்க முடியும்? அத்தனையும் நாத்தனாரே இட்டுக்கட்டியது. வருகிற வெள்ளிக்கிழமை களம்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இவளை நிச்சயம் செய்ய வருகிறார்கள். புடவைகூட எடுத்தாயிற்று. டிவியில் இருந்தவனுக்காக நான்கு வாரம் உருகினேனே, பக்கத்தில் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்டேனா? என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"உனுக்கு இன்னா வேணும்?" என்றேன்.

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"எனுக்கு இந்தக் கல்யாணம் வேணாம் அண்ணி."

மாமியார் டிவியை நிறுத்தினார். "இன்னாடி சொன்ன? என் காதுல சரியா விழல" என்றார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அவளால் இரண்டாவது முறை சொல்ல முடியவில்லை. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத மருமகள் நான். எழுந்து சமையலறைக்குப் போயிருக்கலாம்.

"எனுக்கு நல்லாவே கேட்டுச்சி அத்த" என்றேன்.