நேஷனாலிட்டி மாமாவின் போன்

எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் ‘நேஷனாலிட்டி’ என்றால் ஒன்றுதான், பிரெஞ்சுக் குடியுரிமை. அது உள்ளவர் ஊருக்கு வந்தால், மற்றவர்களுக்குத் தங்கள் முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும். என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அப்படிப்பட்டவர். மாமி வழியில் நேஷனாலிட்டி வாங்கிக்கொண்டு பாரீஸ் பக்கம் போனவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் செலியமேட்டுக்கு வந்து எங்கள் வீட்டில் ஐந்து நாள் தங்குவார். அந்த ஐந்து நாளும் வீடு முழுக்க சென்ட் வாடைதான். சோற்றில்கூட அடிக்கும்.

போன தடவை வந்தபோது என் தங்கைக்கு ஒரு போன் கொடுத்தார். அவள் நர்சிங் முடித்துவிட்டு எட்டு மாதமாக வேலைக்கு அலைந்துகொண்டிருந்தாள். அந்த வாரம்தான் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ முடிந்து, “பத்து நாளுக்குள்ள கூப்பிடுவோம், போனைக் கையிலயே வெச்சிக்கம்மா” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல பதில் அது.

மாமா தன் கையாலேயே அவளுடைய பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டார். கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல நாங்கள் சுற்றி நின்றோம். திரையில் பிரெஞ்சில் இரண்டு வரி வந்தது. சிக்னல் கோடு ஒன்றுகூட எழவில்லை. மாமா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார்.

“இங்க டவர் சரியில்லபா. அங்கல்லாம் பூமிக்கு அடியில ரயில்ல போனாகூட எடுக்கும்” என்றார்.

அப்பா தலையாட்டினார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று அதே சிம்மில் தங்கை தன் சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்தாள். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, நானும்தான்.

மறுநாள் அதைப் பாகூர் கடைத்தெருவில் போன் கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். அவர் வேறு இரண்டு சிம் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“டவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லபா. அங்க சிம் கம்பெனிக்காரன் குடுத்த போன் இது. அவன் சிம்ம தவிர வேற எதையும் ஏத்துக்காது, லாக் போட்டு வெச்சிக்கிறான். வாங்குனவரு அந்தக் கம்பெனிய கேட்டா ஒரு நம்பர் குடுப்பான். அதப் போட்டா தொறந்துக்கும்.”

இது என்ன பெரிய வேலை என்று மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. அந்த போனின் மூலையில் கீறல் இருந்தது, உள்ளே அவர் மகளின் செல்ஃபிகள் அழிக்க மறந்து கிடந்தன. மகள் வாங்கித் தேய்த்துவிட்டுப் போட்டதைப் புதுசு என்று கொடுத்தவர், அந்த நம்பரை அவளிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடாதா? “பாகூர் கடக்காரனுக்கு இன்னா தெரியும்?” என்று சொல்லிவிட்டு இறால் தொக்கை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

சிம்மைப் பழைய போனிலேயே போட்டுக்கொள்ளட்டுமா என்று தங்கை கேட்டாள். அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

“நாலு நாளு பொறுடி. தம்பி ஆசையா குடுத்துது. அது எதிர்ல பழச எடுத்துக்கினு சுத்துனா அது மூஞ்சிய எங்க வெச்சிக்கும்?”

எங்கள் வீடுகளில் இது எழுதாத சட்டம். வெளிநாட்டுக்காரர் கொடுத்த பொருள் அவர் விமானம் ஏறும்வரை நம் உடம்பில் இருக்க வேண்டும். சட்டை இறுக்கினாலும் சரி, செருப்பு கடித்தாலும் சரி.

அன்று மாலை அவள் என்னிடம் வந்தாள். “ண்ணா, என் சிம்ம உன் போன்ல போட்டுக்கிறியா? உன்னுதுல ரெண்டு போடலாமில்ல.”

போடலாம். ஆனால் இரண்டாவது இடத்தில் மேட்ச் பார்ப்பதற்காக நான் வாங்கிய நெட் சிம் இருந்தது. “பத்து நாள்னா பதினஞ்சு நாள் ஆக்குவாங்க. அதுக்குள்ள மாமா கெளம்பிடுவாரு” என்றேன். அவள் மாமா கொடுத்த போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமாவை நான் எவ்வளவு திட்டினாலும், இந்த இடத்துக்கு வரும்போது என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மாமா இருந்தவரை அவள் அந்தச் செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். அதில் அவரோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலை மாமாவை ஏற்றிய கார் தெருமுனை திரும்பியதும் அம்மா பீரோவைத் திறந்தாள். தங்கை நின்றபடியே சிம்மை மாற்றினாள். சிம் செத்துக் கிடந்தபோது அழைத்தவர்களைச் சொல்லும் மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் ஒரே நம்பரிலிருந்து.

உடனே அழைத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள். எதிர்முனையில் ஒரு பெண், கோபமில்லாமல், வேலையோடு வேலையாகப் பேசினார்.

“மூணு நாள் ட்ரை பண்ணோம்மா. ஸ்விட்ச் ஆஃப்னே வந்துச்சி. ஐசியூ டியூட்டி, எப்ப கூப்பிட்டாலும் எடுக்கணும். போன் எடுக்காத பொண்ண எப்படி வெச்சிக்கிறது? நேத்து வேற பொண்ணு ஜாயின் பண்ணிடுச்சி.”

“போன் ஒர்க் ஆவல மேடம்” என்றாள் தங்கை.

“வேற நம்பர்ல இருந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. உனக்கு வீட்ல வேற யாரும் இல்லியாம்மா?”

அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் அவளுக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

“இல்ல மேடம்” என்றாள்.