இரண்டாவது கட்டம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் ‘நம்பரக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளி வீடு திரும்பினாலும் சரி, பிணமாகப் போனாலும் சரி, அவருடைய டிஸ்சார்ஜ் தாள் கீழ்த்தளத்துப் பதிவறைக்கு வந்துதான் ஆகவேண்டும். வந்ததும் அதைப் படித்து, நோய்க்குரிய எண்ணைக் கண்டுபிடித்துக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. “நெஞ்சுவலின்னா எல்லாரும் மருந்து தருவாங்க, நம்மக்கா நம்பர் தருவா” என்று வார்டு நர்சுகள் கேலி செய்வார்கள். பத்தொன்பது வருடப் பழக்கம். தப்பாக எண் போட்டாள் என்று ஒருவரும் விரல் நீட்டியதில்லை.

தாளில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவதில் முக்கிய நோய். இரண்டாவதில் மற்றவை: பழைய வியாதிகள், சிக்கல்கள், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகம், இப்படி எதுவும். ஐந்து வருடங்களுக்கு முன் தாள்கள் மலைபோல் தேங்கிவிட்டன. அலுவலக மேலாளர் கீழே இறங்கி வந்து, “இப்போதைக்கு முதல் கட்டத்த மட்டும் ஏத்தும்மா. ரெண்டாவத அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை. நாளுக்கு அறுபது தாள் என்ற கணக்கு மட்டும் நிலைத்துவிட்டது.

மூன்று வருடங்களுக்கு முன் அவள் கணவர் இறந்துபோனார். லேத்துப் பட்டறைக்காரர், சத்தமாகச் சிரிக்கிற மனிதர். இதயம் கொஞ்சம் பலவீனம் என்று தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். நீர்க்கடுப்பு வந்தபோது அதே ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்கு வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலை, “காலு ரெண்டும் துணி மாதிரி தொவளுதுடி” என்றார். குளியலறை வாசலில் விழுந்தவர், ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

பத்து நாள் விடுப்பு முடிந்து அவள் திரும்பியபோது, அடுக்கில் அவர் தாளும் இருந்தது. அந்த அறையில் எண் போட வேறு ஆள் கிடையாது. முதல் கட்டத்தை மட்டும் பார்த்தாள். இதயம் நின்றது. எண்ணைத் தட்டினாள், தாளைக் கவிழ்த்தாள், அடுத்ததை எடுத்தாள்.

போன வருடம் மருந்துப் பாதுகாப்பை ஆராய்கிற ஒரு பெண் டாக்டர் வந்தாள். பதினொரு ஆஸ்பத்திரிகளின் பதிவுகளைச் சேர்த்து, எந்த மருந்தோடு எந்த மருந்து சேர்ந்தால் ஆபத்து என்று பார்க்கிறாளாம். ஒரு மாதம் கழித்து நன்றி சொல்லக் கீழே வந்தவள் பாராட்டிப் பேசினாள்.

“அந்த இதய மாத்திரையையும் நீர்க்கடுப்பு மாத்திரையையும் சேத்துக் குடுத்தா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயமே நின்னுடலாம்னு ஒரு சந்தேகம் இருந்துச்சுக்கா. மத்த எடத்துல அங்கொண்ணு இங்கொண்ணு தெரியுது. உங்க ஆஸ்பத்திரில முந்நூத்திப் பன்னெண்டு பேருக்குக் குடுத்திருக்காங்க, ஒருத்தருக்குக்கூட பொட்டாசியம் ஏறினதாப் பதிவு இல்ல. டேட்டா அவ்ளோ சுத்தமா இருக்கு.”

அந்த ‘சுத்தம்’ நம்பரக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அந்தச் சுத்தம் எப்படி வந்தது என்று அவளுக்கல்லவா தெரியும். டாக்டர் படியேறியதும் இரும்பு அடுக்குக்குப் போனாள். வேறு எந்தத் தாளையும் தேடவில்லை. கணவரின் தாளை உருவி, இரண்டு வருடம் பார்க்காத இடத்தைப் பார்த்தாள். பயிற்சி டாக்டர் ஒருவரின் கோழிக்கிறுக்கல்: “பொட்டாசியம் மிக அதிகம். மாத்திரைகள் காரணமாக இருக்கலாம்.”

மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

“ஏம்மா, சும்மா இருக்கிற சங்க ஏன் ஊதணும்? நாலு வருசத் தாள யாரு தோண்டுவா? முதல்ல மாட்டுறது நீதான், தெரியுமில்ல?”

“தெரியும் சார்” என்றாள். அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனாள்.

ஏழு வாரம் இருவரும் உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்களையும் கையால் புரட்டினார்கள். இருபத்து மூன்று தாள்களில் அதே சந்தேகம், வெவ்வேறு கையெழுத்துகளில். பயிற்சி டாக்டர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறவர்கள். அவரவர் தம் ஒரு நோயாளியை மட்டும் கண்டு, எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அத்தனையும் ஒன்றுசேர்ந்த ஒரே இடம் அவள் மேசைதான். அந்த இருபத்து மூன்றில் ஒன்பது பேர் செத்திருந்தார்கள். அந்த ஒன்பதைத் தேதிப்படி அடுக்கியபோது அவள் கணவர் ஆறாவது.

“நான் அன்னன்னைக்கே ஏத்தியிருந்தா எப்போ தெரிஞ்சிருக்கும்?” என்று கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “யாராவது தேடியிருந்தா, மூணு நாலு பேருக்கப்புறம் தெரிஞ்சிருக்கலாம்க்கா. தேடியிருந்தா.”

ஐந்து பேர் அவருக்கு முன்னால். ஐந்தும் அவள் கையால் தட்டியவை. அவருக்குப் பின்னாலும் மூன்று பேர்.

வீட்டில் மகளிடம் மறைக்க மனம் வரவில்லை. சாப்பிட்டு முடித்த தட்டுகளை எடுக்காமலே சொன்னாள். மகள் தண்ணீர்ச் செம்பைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். பிறகு, “ஆஸ்பத்திரிதான்மா கொன்னுச்சுன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்” என்றாள்.

“நானும் ஆஸ்பத்திரிதானடி.”

மகள் எழுந்து போய்க் கை கழுவினாள். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டேயிருந்தது.

ஆய்வு வெளிவந்தது. அதில் ஆஸ்பத்திரியின் பெயரும் இல்லை, செத்தவர்களின் பெயரும் இல்லை. இரண்டு மாத்திரைகளையும் சேர்த்து எழுதினால் இப்போது மருந்தகத்துக் கணினி சிவப்பு எழுத்தில் தடுக்கிறது. மேலாளர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். நம்பரக்காவை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு கட்டத்தையும் ஏற்றுவதால் நாளுக்கு முப்பத்தைந்து தாளுக்கு மேல் ஓடவில்லை. வேகம் போதவில்லை என்று புது மேலாளரிடமிருந்து குறிப்பாணை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள், முப்பத்தைந்திலேயே நின்றாள்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள். மழையைப் பற்றி, வாடகை வீட்டுத் தண்ணீரைப் பற்றி, அம்மாவின் முட்டிவலியைப் பற்றியெல்லாம் பேசுகிறாள். அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. நம்பரக்காவும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.