ஓடும்போது கை எங்கே இருக்க வேண்டும்

எங்கள் ஊரில் நைட்டி ராத்திரி உடை இல்லை. அதன் மேல் ஒரு துவர்த்தைப் போட்டுக்கொண்டால் கடைக்குப் போகலாம், ரேஷன் வாங்கலாம், பக்கத்து வீட்டில் மரணம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்கலாம். துவர்த்து என்பது குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற அதே துண்டுதான். கொடியில் கிடந்தால் துண்டு, தோளில் கிடந்தால் மரியாதை. கேரள எல்லையோரம், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் ஓடுகிற பெண் என்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் யாரும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. தேவை வந்திருக்காது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது கணக்கில் சேராது.

போன வருஷம் எங்கள் வீட்டில் தேவை வந்தது. மைனி, அதாவது என் அண்ணன் மனைவி, போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. ஓட்டம், தாண்டுதல், எறிதல், கயிறு சாடுதல், அதாவது ஸ்கிப்பிங், என்று எட்டு இனங்கள். ஐந்தில் தேறினால் போதும். தேறாவிட்டால் மறுபடி எழுத வழியில்லை, அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. பிள்ளைக்கு இரண்டு வயது.

அவளுடைய நாத்தனாரான நான் ஃபிசிக்ஸில் எம்.எஸ்ஸி முடித்துவிட்டு, வேலை இல்லாமல், வீட்டிலிருந்த எல்லாரையும் திருத்திக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமலே கோச் ஆனேன்.

முதல் நாள் விடிந்ததும் சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட கிரவுண்டுக்குப் போனோம். மைனி சுடிதார் போட்டு, ஷாலைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

"டிராஃபிக் போலீஸ் மாதிரி இருக்கு மைனி."

"இருக்கட்டும். ஏதோ ஒரு போலீஸ்."

ஓடினாள். முதல் வளைவு வரை கைகள் வீசின. சாயாக்கடைக்கு எதிரே உள்ள வளைவு வந்ததும் வலது கை மேலே வந்து நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தது. பிறகு இடது கை வந்து அதன் மேல் ஏறிக்கொண்டது. குளிரில் நடுங்குகிறவள் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டே மீதிச் சுற்றை ஓடி முடித்தாள்.

"கை என்ன கெட்டிக்கிட்டு நிக்குது?"

"ஒனக்குத் தெரியாது. ஒரு பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்து பேசு."

அது நியாயமான பதில். நான் படிக்க ஆரம்பித்தேன். ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை, காற்றில் எட்டு எழுதுகிற மாதிரி ஆடுகிறது. சாதாரண பிராவால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் கை அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. கை அங்கே வேலைக்குப் போய்விட்டால் காலுக்கு வேகம் குறைகிறது. மைனி ஓடுவதை போனில் எடுத்து, மெதுவாக்கி அவளுக்கே காட்டினேன். இரண்டு தடவை பார்த்தாள்.

"நீ சொன்னது உள்ளதாக்கும். இதை வேற ஆருக்கும் அனுப்பிராதே."

நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். பெண்கள் பகுதியில் இருந்த சேச்சி முதலில் மெத்தென்று ஒன்றை எடுத்துப் போட்டாள். இழுத்தால் இழுத்த பக்கமெல்லாம் வந்தது. இது யோகா செய்கிறவர்களுக்கு, எங்களுக்கு ஓடுகிறவர்களுக்கு உள்ளது வேண்டும் என்றேன். சேச்சி மைனியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து அகலமான தோள்பட்டையும் முதுகில் கொக்கியும் உள்ள ஒன்றை எடுத்தாள். பல வருஷமாக மைனி போட்டுவந்த அளவே தப்பு என்று அங்கே தெரிந்தது. சுற்றளவு ஒன்று குறைய வேண்டும், கப் ஒன்று கூட வேண்டும்.

"இட்டு நின்னா போதாது. சாடிப் பாருங்க," என்றேன்.

டிரையல் ரூமின் தரை பலகை. மைனி குதித்துச் சாடினாள். கடை முழுக்கக் கேட்டது. வெளியே மனைவியின் பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் தலையைத் தூக்கினார்.

"அகத்து எந்தா, வீடு பணியோ?" உள்ளே வீடு கட்டுகிறார்களா என்று கேட்டார்.

"அல்ல சேட்டா, போலீஸ் ஆவுகயா," என்றாள் சேச்சி, இல்லை, போலீஸ் ஆகிறார்கள் என்று.

உள்ளேயிருந்து மைனியின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "கொள்ளாம் பிள்ளே, ஆடாம நிக்குது."

உள்ளாடை முடிந்தது. மேலாடைக்கு அம்மாவிடம் போக வேண்டும். அம்மா எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். கிரவுண்ட் சர்ச் மதிலை ஒட்டி இருப்பது அம்மாவின் சங்கடம்.

"ஓடட்டும், ஆரு வேண்டாம்னா? ஆனா நாளைக்கு சபையில எனக்க மொகத்தைத்தானே கொண்டு காட்டணும்? முட்டு வரைக்கும் டாப்ஸ் கெடக்கட்டும்."

முட்டு வரை டாப்ஸ் கிடந்தால் அது வேர்த்து நனைந்து தொடைக்கு நடுவே சுருண்டுகொள்ளும் என்றேன். இரண்டு பக்கமும் உள்ள வெட்டு காற்றில் தூக்கும், அப்போது மறைப்பு குறையத்தான் செய்யும் என்றேன். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அம்மா படத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரு உடை உருவானது. உள்ளே கறுப்பு லெக்கின்ஸ், அதன் மேல் முட்டு வரை தொளதொளவென்று ஒரு டிரவுசர், மேலே இடுப்பு தாண்டுகிற ஒரு கருநீல ஜெர்சி. கருநீலம் ஏனென்றால் வேர்வை தெரியாது. அம்மா ஜெர்சியின் முன்பக்கம் உள்ளே ஒரு பருத்தித் துணி வைத்துத் தைத்தாள். கழுத்தை இரண்டு விரல் ஏற்றினாள். பிறகு மைனியை முற்றத்தில் நிறுத்திச் சுற்றி வந்தாள், சந்தையில் ஆடு பார்க்கிறவளைப்போல.

"குனி மக்கா. இன்னும் குனி. கையைத் தூக்கு. சாடு."

மைனி குனிந்தாள், தூக்கினாள், சாடினாள். எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா கையொப்பம் போடுகிறவள் மாதிரித் தலையை ஆட்டினாள்.

அந்த உடையில் முற்றத்தில் கயிறு சாடினாள், எளிதாகத் தேறுகிற எண்ணிக்கை வந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடினாள், கைகள் நன்றாக வீசின. நான் அன்று ரொம்பப் பெருமையாக இருந்தேன். மறுநாள் கிரவுண்டில், அதே உடையில், சாயாக்கடை வளைவு வந்ததும் வலது கை மேலே போனது. பின்னாலேயே இடது கை.

எனக்குத் தெரிந்த ஃபிசிக்ஸ் அத்தோடு தீர்ந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"ஆடுதா?"

"இல்ல பிள்ளே."

"பின்னே?"

"கை தன்னால வருது. எட்டாங்கிளாஸ்ல இருந்து புஸ்தகத்தை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுட்டு இந்த ரோட்டுல நடந்தவளாக்கும் நான். இப்ப புஸ்தகம் இல்ல, கை மட்டும் மிச்சம் உண்டு."

ஒவ்வொரு நாளும் நூறு மீட்டரில் ஒரு மூச்சு நேரம் பிந்தினாள். இருநூறில் அதைவிடக் கூடுதல். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கையை வீசு, கையை வீசு என்று நான் கத்துவேன், வீசுவாள், வளைவு வரும், கை ஏறும். கத்துவதால் சாயாக்கடையில் இருப்பவர்கள் கூடுதலாகத் திரும்பிப் பார்த்தார்கள் என்பது தவிர வேறு பலன் இல்லை.

அந்த வாரம் பெண்கள் ஐக்கிய ஜெபக்கூட்டம் முடிந்து வந்த அம்மா, சேலை மாற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மக்கா, ஒனக்கு நெஞ்சுல வல்ல சொக்கேடும் உண்டா?"

மைனி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "சொக்கேடா? எனக்கு ஒரு நோயும் இல்லியே மாமி."

"ஒனக்காக ஜெபம் பண்ணியாச்சு."

நடந்தது இதுதான். காலையில் கிரவுண்டில் நடக்க வருகிற சபைக்கார அம்மா ஒருத்தி, ஜெப விண்ணப்பங்கள் கேட்கும் நேரத்தில் எழுந்து நின்றிருக்கிறாள். நம்ம செயலாளருக்க மருமவ தினமும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடுறா, பாத்தா சகிக்கல்ல, அந்தப் பிள்ளைக்க இருதயத்துக்காக ஜெபிக்கணும் என்று சொல்லியிருக்கிறாள். எல்லாரும் ஜெபித்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை.

"வேலைக்கு ஆசைப்பட்டு அந்தக் குட்டியக் கொல்லாதீங்கோன்னு எனக்க கையைப் பிடிச்சுச் சொல்லுதா. நான் அடிச்சு ஓட்டுதேன்னாக்கும் அவளுக்க நெனப்பு."

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"என்ன சொல்ல? நெஞ்சு வலிக்கல்ல, நெஞ்சை மறைக்குதான்னு போதகரு இருக்கப்போ சொல்லவா? ஆமென்னு சொல்லிட்டு வந்தேன்."

நான் சிரித்தேன். மைனியும் சிரித்தாள், பிறகு நிறுத்தினாள்.

"அப்ப எல்லாரும் பாத்திருக்கா?"

"பின்னே? கை வச்ச எடத்தைத்தானே மக்கா ஆளு பாக்கும்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தாள். சேலை மாற்ற எழுந்து போனாள்.

ஜெபத்தின் விளைவுகள் மறுநாளே தொடங்கின. ஒரு வீட்டிலிருந்து உரித்த பூண்டு வந்தது, பாலில் வேகவைத்துக் குடிக்க. கிரவுண்டில் நடக்கிற ரிட்டயர்டு சார் ஒருத்தர் ஓட்டப்பாதையின் குறுக்கே வந்து கையைக் காட்டி நிறுத்தினார். "மோளே, மெல்லே. ஈ.சி.ஜி எடுத்தோ?" மைனி நின்று, ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள். அடுத்த வளைவில் அந்தச் சபைக்கார அம்மாவே தண்ணீருடன் நின்றாள். "குடி மக்கா. குடிச்சிட்டு இரி." ஒரு சுற்று முழுதாக ஓட முடியவில்லை. இருதய நோயாளியைப் போலீஸில் எடுப்பார்களா என்று சாயாக்கடையில் ஒரு விவாதம் நடந்ததாக அண்ணன் வந்து சொன்னான்.

மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் சாயாக்கடை வளைவில் கை ஏறத் தொடங்கி, பாதியில் நின்று, இறங்கியது. இறங்கியது என்றால் அழகாக இல்லை. தோட்டத்தில் நுழைந்த கோழியை விரட்டுகிறவள்போல இரண்டு கையையும் அகலமாக வீசினாள். எனக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை, பாருங்கள், எல்லாரும் நன்றாகப் பாருங்கள் என்று கை சொல்வதுபோல் இருந்தது. ஓடி வந்து என் முன்னால் நின்றாள்.

"எத்தனை?"

சொன்னேன். நூறு மீட்டருக்கு வேண்டிய நேரத்துக்குள் முதல் தடவையாக வந்திருந்தாள்.

"இனி ஒருத்தி பூண்டு கொண்டு வரட்டு, காட்டித் தாறேன்," என்றாள்.

தேர்வு நடந்தது வேறு ஊரில், பெரிய மைதானத்தில். அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தாள். என்னை உள்ளே விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்று, வந்திருந்த பெண்கள் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். கணவனின் ஃபுட்பால் ஜெர்சி. பள்ளிக்கூடத்தில் போட்ட ஸ்போர்ட்ஸ் உடுப்பு, இன்னும் சரியாக இருந்தது. ஷாலை உடம்போடு சுற்றி நாலு இடத்தில் பின் குத்திய ஒருத்தி. ஒரு பிராவின் மேல் இன்னொரு பிரா போட்டிருப்பதாகத் தோழியிடம் சொன்ன ஒருத்தி, அதைக் கேட்டு நானும் அப்படித்தான் என்ற தோழி. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் மூடி, தலையில் கறுப்பு மஃப்தா கட்டிய ஒரு பெண் அன்று நான் பார்த்ததிலேயே வேகமாக ஓடினாள். ஒவ்வொருத்தியும் அவரவர் வீட்டு முற்றத்தில் யாரிடமோ சண்டை போட்டு இந்த உடைக்கு வந்து சேர்ந்திருப்பாள் என்று தோன்றியது.

எல்லாருக்கும் நெஞ்சில் எண் எழுதிய ஒரு துணியைக் கட்டிவிட்டார்கள். மைனி வேலிப் பக்கம் வந்து அதைக் காட்டினாள்.

"இவ்வளவு பெரிய துணி இவியளே தருவாங்கன்னு தெரிஞ்சா மாமி லைனிங் வச்சுக் கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்."

உயரம் தாண்டுதல், கயிறு, குண்டு, ஷட்டில் ஓட்டம் நான்கிலும் தேறினாள். நீளம் தாண்டுதலில் காலைக் கோட்டுக்கு வெளியே வைத்தாள். பந்து எறிந்தது குறைவு. நூறு மீட்டரில், கோட்டுக்கு இரண்டு பக்கமும் காக்கிச் சட்டைக்காரர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும், பாதியில் வலது கை மேலே போனது. ஒரு மூச்சு நேரத்தில் தோற்றாள். கோட்டில் நின்ற பெண் அதிகாரி சொன்னது எனக்குக் கேட்டது. "நம்பர் மறைச்சு பிடிச்சா ஞான் எங்ஙனே எழுதும்?"

மிச்சம் இருந்தது இருநூறு. அதில் தேறினால் ஐந்து. தோற்றால் வீடு.

விசில் அடித்தது. தொடக்கத்தில் நன்றாக வந்தாள். வளைவு முடிகிற இடத்தில், நான் நின்ற வேலிக்கு நேரே, வலது தோள் உயர்வதைப் பார்த்தேன். அந்தத் தோள் உயர்ந்தால் அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். கையை வீசு என்று கத்திப் பலனில்லை என்பதும் தெரியும். என்னிடம் இருந்த எல்லாக் காற்றையும் சேர்த்துக் கத்தினேன்.

"மைனீ, நெஞ்சு வலியாஆ?"

கை இறங்கியது. கோழி விரட்டுகிற கைகள் இரண்டும் வெளியே வந்தன. என் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணின் தகப்பன் பதறிப்போய், என்ன ஆயிற்று என்று என் தோளைத் தொட்டார். "எந்து பற்றி? ஆம்புலன்ஸ் விளிக்கணோ?"

வேண்டாம், அவள் ஜெயிக்கிறாள் என்றேன். அவள் கோட்டைத் தாண்டிவிட்டிருந்தாள். பெண் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, நம்பரைப் பார்த்து, எழுதினாள். மைனி முட்டில் கையூன்றிக் குனிந்து நின்றாள். நிமிர்ந்து வேலிப் பக்கம் பார்த்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

திரும்பும்போது ஒரு கடையில் பரோட்டாவும் பீஃபும் தின்றோம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அம்மாவுக்கு போன் செய்தாள். அந்தப் பக்கம் அம்மா கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்வது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

"இனி ஒருத்தரும் என்னை ஓடச் சொல்லப்பிடாது."

"டிரெயினிங்ல தினம் காலையில ஓட்டம்தான் மைனி."

கால் விரல்களை மடக்கி நீட்டினாள்.

"அது அவியளுக்க உடுப்புல, அவியளுக்க கிரவுண்டுல. அதுக்கு சம்பளம் உண்டு," என்றாள். "சாயாக்கடை கெடையாது."