சூசை அடைக்காத குழாய்

மரியசூசை கட்டிய குழாயால் ஒரு மனிதன் செத்தான் என்று பதினோரு வருடங்களாகச் சொல்லிவருகிறோம். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவர் திண்டிவனத்துப் பட்டறை முதலாளி. தலையாட்டியது நம் மெக்கானிக் சங்கம். உண்மை தெரிந்தும் சங்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். சூசையை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைவிட எட்டு வயது இளையவன் என்பதால் அவன் என்றே எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது விழுப்புரத்தில் என் பட்டறையில் வால்வு தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் மனைவி பிலோமினா அனந்தபுரத்திலிருந்து போன் செய்தது. "அண்ணே, அவரு போய்ட்டாரு. கேப்பங்கூழு குடிச்சிக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு." பிறகு, "சங்கத்துக்குச் சொல்ல வாணாம். யாரும் வரப்போறதில்ல" என்றது. நான் சொன்னேன். யாரும் வரவில்லை. ஒரு மாலைகூட வரவில்லை.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்துப் பட்டறையில் நானும் சூசையும் சேர்ந்து வேலை பார்க்கத் தொடங்கினோம். பழைய வண்டிகளைப் பிரித்துப் புதிதாக்கும் பட்டறை அது. ஒருநாள் சாக்குமூட்டையில் கட்டிய சாமான்களோடு ஒரு பழைய புல்லட் வந்தது. இஞ்சினில் இரண்டு ரப்பர் குழாய்கள், இரண்டும் காய்ந்து பாதியில் அறுந்திருந்தன. ஒன்று பிரீதர் குழாய். பிஸ்டன் கீழே இறங்கும்போது இஞ்சினுக்குள் நெருக்கப்படும் காற்று அதன் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். மற்றது ஆயில் டேங்குக் குழாய். எது எது என்று சொல்லும் புத்தகம் எங்களிடம் இல்லை. பெரிய குழாய்தான் பிரீதர் என்று நான் அடித்துச் சொன்னேன்.

சூசை வாதாடவில்லை. இஞ்சினில் குழாய் மாட்டும் இரண்டு மூக்கிலும் புதுக் குழாய் மாட்டினான். "மெதுவா கிக்கர மிதிங்கண்ணே" என்றான். ஒரு குழாயின் வாயை வலது கன்னத்திலும் மற்றதை இடது கன்னத்திலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். நான் மிதித்தேன். "சின்னதுதான் மூச்சு விடுது. பெருசு சும்மா கெடக்குது."

"காத்து எல்லாத்துலயும்தான் வரும்" என்றேன்.

"செரி, அப்ப உங்க கன்னத்தக் குடுங்க."

கொடுத்தேன். சின்ன குழாய் புஸ் புஸ்ஸென்று என் கன்னத்தில் ஊதியது. அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்றுமுதல் குழாய் வேலையை அவனிடமே விட்டேன்.

குழாய் போகும் வழியில் அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். சைலன்சரைத் தொடக்கூடாது. எங்கும் தொய்ந்து தொங்கக்கூடாது, தொய்ந்த இடத்தில் கசடு தேங்கி அடைத்துக்கொள்ளும். சங்கிலிக் காப்பின் ஓரமாகப் போய்ப் பின்சக்கரத்தைத் தாண்டி நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்தான் அதன் வாய் இருக்கவேண்டும். சக்கரத்துக்கு முன்னால் முடிந்தால் ஆயில் டயரில் விழும், வண்டி வழுக்கும். "இஞ்சினுக்கு அதுதான் மூக்கு. மூக்கப் பொத்தினா வேற எங்கியாவது கிழிச்சிக்கினு வரும்" என்பான்.

அப்படிக் கட்டிய வண்டி, நிறுத்திய இடத்தில் இரண்டொரு சொட்டு ஆயில் விடும். அதற்காகச் சூசை ஒவ்வொரு வண்டியோடும் தேய்த்து மழமழப்பாக்கிய ஒரு கொட்டாங்குச்சியையும் கொடுத்தனுப்புவான். முதலாளிக்கு அது பிடிக்காது. "இவ்ளோ பெரிய வண்டிக்குக் கொட்டாங்குச்சியா? மானத்த வாங்காதடா" என்பார். "ஒழுகுற வண்டி ஊடு போய்ச் சேரும் முதலாளி. ஒழுகாத வண்டியப் பாத்துதான் பயப்படணும்" என்பான் சூசை. நாங்கள் சிரிப்போம்.

பெருமுக்கல் ஞானவேல் மல்லாட்டை பயிர் செய்பவர். பதினோரு வருடங்களுக்கு முன் தன் அப்பாவின் வண்டியை எங்களிடம் கொடுத்திருந்தார். புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று வெள்ளை டைல்ஸ் போட்ட கூடத்தில் அந்த வண்டியை நிறுத்தவேண்டும், ஒரு சொட்டு விழக்கூடாது என்றார். "கொட்டாங்குச்சி வச்சிக்கங்க" என்றான் சூசை. "புது ஊட்டுல கொட்டாங்குச்சியா! நல்லாச் சொன்ன போ" என்று முதலாளி அவன் வாயை அடைத்தார்.

வண்டியை அனுப்பியது ஞாயிற்றுக்கிழமை. சூசை மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தான். மினி வேன் வாசலில் நின்றது. "விரல் மொத்தத்துல ஒரு போல்ட்டு குடு, ஜல்தி" என்று முதலாளி என்னிடம் கேட்டார். என் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தலையை நானே அரத்தால் உருட்டி வைத்திருந்த போல்ட். எதற்கு என்று கேட்கவில்லை.

இரண்டு நாள் அந்த வண்டி புதுவீட்டுக் கூடத்தில் ஒரு சொட்டும் விடாமல் நின்றதாம். மூன்றாம் நாள் ஞானவேல் அதை எடுத்துக்கொண்டு திண்டிவனம் வந்தார். திரும்பும்போது பெருமுக்கலுக்கு முந்தின வளைவில் பின்சக்கரம் வழுக்கி லாரிக்கு முன்னால் விழுந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது.

வண்டி பட்டறைக்குத் திரும்பி வந்ததும் சூசைதான் முதலில் குனிந்து பார்த்தான். வெளியேற வழியில்லாத காற்று சங்கிலிப் பக்கத்து ஆயில் சீலைத் தள்ளிவிட்டிருந்தது. பின்டயர் முழுக்க ஆயில். பிரீதர் குழாயின் வாயில் ஒரு போல்ட், மேலே கிளிப் போட்டு முறுக்கியிருந்தது. அதை உருவிக் கையில் வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். உருட்டிய தலை யாருடைய வேலை என்று அவனுக்குத் தெரியும்.

போலீசில் விபத்து என்று எழுதி முடித்தார்கள். சங்கக் கூட்டத்தில் முதலாளி எழுந்து, "கொழாய் வேல பூரா சூசையோடதுதான், உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார். "நான் கொழாய அடைக்கிறவன் இல்ல" என்றான் சூசை. "பின்ன யாரு அடைச்சது?" என்று பத்துப் பேர் கேட்டார்கள். அவன் என் பக்கம் திரும்பினான். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற ஞானவேலின் மனைவி செல்வி உள்ளே வந்து, "அந்தக் கை வெளங்குமா? அழுவிப் போவ" என்று அவனைப் பார்த்துச் சொன்னது. தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.

அன்றே அவனைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். "சூசைகிட்ட வண்டி குடுக்கறதும் எமனுக்கு அட்ரஸ் குடுக்கறதும் ஒண்ணு" என்று டீக்கடைகளில் பேசிச் சிரித்தார்கள். அவன் அனந்தபுரத்துக்குப் போய்ப் பம்புசெட்டு இஞ்சின் பார்த்துப் பிழைத்தான். அதன்பிறகு ஒரு மோட்டார்சைக்கிளைக்கூட யாரும் அவனிடம் விடவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நான் அன்று பேசவில்லை. ஆறு மாதத்தில் முதலாளியோடு சண்டை போட்டு நானே விலகினேன். அப்போதும் சங்கத்தின் முன் போய்ச் சொல்லவில்லை. முதலாளிதான் அடைத்தார் என்று கண்டவரிடமெல்லாம் திட்டியிருக்கிறேன். போல்ட் யாருடையது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

நாலு வருடம் முன்பு அனந்தபுரம் சந்தைப் பக்கம் போனபோது, பம்புசெட்டு இஞ்சின் பிரித்துக்கொண்டிருந்த அவன் எதிரில் போய் நின்றேன். "ஒக்காருங்கண்ணே" என்று டீ வாங்கிக் கொடுத்தான். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். கையமர்த்தினான். "முதலாளி கேட்டிருப்பாரு, நீங்க குடுத்திருப்பீங்க. எதுக்குன்னு கேக்கல, அவ்ளோதான். அது எனக்கு அன்னிக்கே தெரியும்." டீ டம்ளரைக் கீழே வைத்தான். "சங்கத்துல நீங்களா எழுந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

பிறகு இஞ்சினிடம் திரும்பிவிட்டான். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஞானவேலுக்காக அவன் தேய்த்து, அனுப்பாமல் போன கொட்டாங்குச்சி ஒன்று. அடக்கம் முடிந்தபின் பிலோமினா ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்தது. உள்ளே மற்றது, அந்தப் போல்ட். பதினோரு வருடம் துருப்பிடிக்காமல் ஆயில் தடவி வைத்திருக்கிறான்.

இனி ஆகவேண்டியவை. குழாயை அடைத்தது தன் கை என்று முதலாளி சங்கத்தில் எழுந்து சொல்லவேண்டும், படுத்த படுக்கையாக இருந்தாலும் ஆள் வைத்து எழுதிக் கொடுக்கவேண்டும். சங்கம் சூசையின் பெயரை உறுப்பினர் பலகையில் திரும்ப எழுதவேண்டும், தலைவரும் செயலாளரும் அனந்தபுரம் கல்லறைக்குப் போய் மாலை போடவேண்டும். அன்று கூட்டத்தில் கேட்ட பத்துப் பேரும் பிலோமினாவின் வாசலுக்குப் போகவேண்டும். பழைய வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இன்றே குனிந்து பிரீதர் குழாயின் வாயைப் பார்க்கவேண்டும், ஏதாவது செருகியிருந்தால் பிடுங்கி எறியவேண்டும். நான் இந்த ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கலுக்குப் போய், செல்வியின் கையில் இந்தப் போல்ட்டைக் கொடுத்து, யாருடையது என்று சொல்லவேண்டும்.