வலப்பக்கம் ஏறியவள்

வியாழக்கிழமை மாலைகளில் அந்தக் கடையில் மாவு விற்பனை நடக்காது. மூட்டைகளின் மேலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கல்லாவுக்கு மேலே ஒரு பலகையில் தொலைக்காட்சிப் பெட்டி. வெளியே அதற்கென்றே தடதடத்துக்கொண்டிருக்கும் ஒரு ஜெனரேட்டர். அமெரிக்கப் பாலை ஊரான கயென்டாவைச் சுற்றியுள்ள நவஹோ பழங்குடி ஜனங்கள் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, குதிரையிலும் வண்டியிலும் அங்கே வந்து சேர்ந்தது ஒரே ஒரு காட்சிக்காகத்தான். எல்லைப்புறக் குதிரைப்படைத் தொடரின் தொடக்கக் காட்சி அது. கொம்பு ஊதும். நீலச் சட்டை போட்ட நாற்பது சிப்பாய்கள் ஒரே நேரத்தில் குதிரையில் தாவி ஏறுவார்கள். முப்பத்தொன்பது பேர் இடப்பக்கமாக ஏறுவார்கள். ஓர் ஆள் மட்டும் வலப்பக்கமாக ஏறும்.

அந்த இரண்டு வினாடி வந்ததும் கடை முழுக்கச் சிரிப்பு அள்ளும். பிறகு பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிக் கதையில் செவ்விந்தியர்களாக நடித்துச் செத்து விழுவது அவர்களேதான். அதை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் பெரிய ஆசை இல்லை.

வலப்பக்கமாக ஏறிய ஆள் யனாபா.

அது 1961. அவளுக்குப் பத்தொன்பது வயது. படக்காரர்களின் பட்டியலில் இருந்தது அவளுடைய அண்ணன் ஹோஸ்கியின் பெயர். படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்னால், அடங்காத ஒரு குதிரைக்குட்டியிலிருந்து விழுந்து அவன் தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். சிப்பாய் வேஷத்துக்குப் பெண்களை எடுப்பதில்லை. யனாபா கொண்டையைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, மஞ்சள் என்று பெயர்கொண்ட தங்கள் வீட்டுப் பெண்குதிரையோடு போய் நின்றாள். பெயர் கூப்பிட்டபோது அண்ணன் பெயருக்குக் கையைத் தூக்கினாள். குதிரையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், ஆளை யாரும் பார்க்கவில்லை.

முதல் நாள் மாலை அந்த நீலச் சட்டையோடு அவள் வீடு திரும்பியபோது அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். அம்மாவின் முன்னோர்களை ஊரை விட்டுக் கிளப்பி முந்நூறு மைல் நடக்கவைத்தவர்கள் அதே நீலச் சட்டை போட்ட ராணுவக்காரர்கள். சட்டை வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றாள். படப்பிடிப்பு நடந்த பதினோரு நாளும் அது ஆட்டுப்பட்டி வேலியில்தான் தொங்கியது. காலையில் அதை உதறிப் போட்டுக்கொள்ளும்போது ஆட்டு வாடை அடிக்கும்.

மஞ்சள் அமைதியான குதிரை என்பதால் யனாபாவை வரிசையின் ஓரத்தில், கேப்டனாக நடித்தவருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். கொம்பு ஊதியதும், இடப்பக்கம் ஏற வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோனது. அப்பா எப்படி ஏறுவாரோ, அவருடைய அப்பா எப்படி ஏறினாரோ, அப்படியே வலப்பக்கமாக ஏறிவிட்டாள். ராணுவக்காரன் இடப்பக்கம் ஏறுவது இடது இடுப்பில் வாள் தொங்குவதால். இவர்கள் யாருக்கும் இடுப்பில் வாள் தொங்கியதில்லை. ஏறிப் பார்த்தால், கேப்டனின் குதிரை கொம்புச் சத்தத்துக்கு மிரண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு கால் அங்கவடியில், ஒரு கால் தரையில், நொண்டிக்கொண்டே கூடச் சுற்றுகிறார். யனாபா மஞ்சளை ஓரடி நகர்த்தி, குனிந்து அந்தக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தாள். அவர் ஏறினார். படை கிளம்பியது. டைரக்டர் அவளைத் தொண்டை கிழியத் திட்டினார். அதற்குள் கடைசி நாள் வெயிலும் இறங்கிவிட்டது, மறுபடி எடுக்க முடியவில்லை. அந்தக் காட்சியே தொடர் ஓடிய மூன்று வருஷமும் வாராவாரம் வந்தது.

ஹோஸ்கி ஒருபோதும் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. கடையில் யார் கேட்டாலும், "ஏறினது என் தங்கச்சி. நான் வீட்ல சோளக்கஞ்சி குடிச்சிட்டுப் படுத்துக்கெடந்தேன்" என்பான்.

அதற்குப் பிறகு யனாபா பள்ளிப் பேருந்து ஓட்டப் போனாள். செம்மண் பாதைகளில் முப்பத்தொரு வருஷம். சேற்றில் சிக்கியிருக்கிறாள், பனியில் சறுக்கியிருக்கிறாள், ஒரு பிள்ளையைக்கூட வழியில் விட்டதில்லை. அந்த ஊர்ப் பேருந்துக்குக் கதவு வலப்பக்கம், ஓட்டுநரும் அதில்தான் ஏற வேண்டும். "பாரு, இப்பவும் அந்தப் பக்கமாத்தான் ஏறுறா" என்று அவளுடைய அத்தை மகன் லெஸ்டர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அங்கே அத்தை மகனைக் கட்டிக்கொள்ள முடியாது. ஆனால் ஆயுசு முழுக்கக் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. அதில் லெஸ்டர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

அவளுக்கு எழுபத்தேழு வயதானபோது படக்காரர்களிடமிருந்து கோல்மன் என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல மரியாதை தெரிந்தவர். தொடரைத் துடைத்துப் புதுப்பித்து மறுபடி வெளியிடப் போகிறார்களாம். அதில் நடித்த உள்ளூர்க்காரர்களுக்கு ஊர்ச் சபைக் கூடத்தில் ஒரு விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பும் பொரித்த ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பழைய பிழைகளையெல்லாம் நீக்கிவிட்டதாகக் கோல்மன் சந்தோஷமாகச் சொன்னார். வானத்தில் விமானம் விட்டுப்போன கோடு, ஒரு சிப்பாயின் கைக்கடிகாரம், இன்னும் என்னென்னவோ.

"தொடக்கத்துல ஒரு ஆளு தப்பான பக்கம் ஏறுவாரு, ஞாபகம் இருக்கா? ரசிகர்கள் போட்ட தப்புப் பட்டியல்ல அதுதான் முதல் தப்பு. அதையும் வெட்டிட்டோம்" என்றார்.

யனாபா ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அம்மா இல்லை, ஹோஸ்கி இல்லை, மஞ்சள் இல்லை. அந்த நாட்களில் எல்லோரும் சேர்ந்து சிரித்ததற்கு மிச்சமிருந்தது அந்த இரண்டு வினாடிதான். ஒரு மனிதர் அதைக் கறை மாதிரித் துடைத்துவிட்டு வந்து நிற்கிறார்.

"தம்பி, அதை ஒரு தடவ போட்டுக் காட்டுங்க" என்றாள்.

திரையில் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. கொம்பு ஊதியது. சிப்பாய்கள் இடப்பக்கமாகத் தாவினார்கள். கேப்டன் ஒரு காலில் நொண்டிக்கொண்டு குதிரையோடு சுற்றினார். அடுத்த நொடி படைக்கு முன்னால் கம்பீரமாகப் பாய்ந்து போய்க்கொண்டிருந்தார்.

"எப்ப ஏறினாரு?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"பறந்து ஏறினாரு. பெரிய ஆபீசரு இல்ல?" என்றான் லெஸ்டர்.

கூடம் குலுங்கியது. கோல்மன் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்க்கும்போது அவர் காது சிவந்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்து பழைய படத்தைத் தேடிப் போட்டார். வலப்பக்கமாக ஒரு சிப்பாய், மற்ற எல்லோரும் ஏறும் முன்பே சேணத்தில். குனிந்து கடிவாளத்தைப் பிடிக்கும் ஒரு கை.

"அந்தக் கை இல்லன்னா உங்க கேப்டன் இன்னமும் சுத்திட்டுத்தான் இருப்பாரு" என்றாள் யனாபா. "அதைத் தப்புன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

கோல்மன் தன் காகிதங்களைப் புரட்டினார். வரிசையின் ஓரத்தில் நின்றவர் பெயர் ஹோஸ்கி என்று இருப்பதாகச் சொன்னார். அவருடைய பெயரைப் படத்தின் கடைசியில் போட்டுவிடுவதாகவும், காட்சியைத் திரும்பச் சேர்த்துவிடுவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

லெஸ்டர் திரும்பி அவளையே பார்த்தான். யனாபாவுக்கு மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் கஞ்சி குடித்த கதையும் வந்தது.

"அது எங்க அண்ணன் பேரு. ஏறினது நான். என் பேரைப் போடுங்க."

கோல்மன் அவளை நிமிர்ந்து பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு அவளை மறுபடி பார்த்தார்.

"படத்தை மொதல்ல பார்த்தப்ப எங்க அம்மா ஒண்ணு சொன்னாங்க" என்றாள். "சட்டை அவங்களோடது, குதிரையேத்தம் நம்மளோடதுன்னாங்க. அதைத்தான் நீங்க வெட்டப் பார்த்தீங்க."

அடுத்த வசந்தத்தில் தொடரின் புது வட்டு வந்தது. அதே கூடத்தில் போட்டார்கள். கொம்பு ஊதியது, முப்பத்தொன்பது பேர் ஒரு பக்கம், ஒருத்தி மறு பக்கம். சிரிப்பு அடங்கியதும் பழைய ஆட்கள் வழக்கம்போல நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார்கள்.

"எல்லாரும் உக்காருங்க" என்றாள் யனாபா. "பேரு கடைசியிலதான் வரும்."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். அறுபது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கதையை முழுசாகப் பார்த்தார்கள். லெஸ்டர் அதில் செவ்விந்தியனாக ஒரு தடவையும், சட்டையை மாற்றிக்கொண்டு சிப்பாயாக ஒரு தடவையும் செத்தான். இரண்டு தடவையும் முகம் மண்ணில் புதைந்திருந்தது.

"ரெண்டு தடவ செத்தும் மூஞ்சி தெரியல பாரு உனக்கு" என்றாள் அவனிடம்.

கடைசியில் பெயர்கள் மேலேறி வந்தன. அவள் பெயர் வந்தபோது லெஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.