ஒருத்தருக்கும் தெரியாது என்றேன்

“மாசி, இரண்டாம் செவ்வாய். மாலை 4.10. கைபேசியில் மார்பகப் பரிசோதனை நிலையம் ஒன்றின் விளம்பரம். இன்று மூன்றாவது தடவை. நான் அப்படி எதையும் தேடவில்லை. காரணம் அறிய வேண்டும்.”

என் குறிப்புப் புத்தகத்தில், என் கையெழுத்தில் உள்ள வரிகள் இவை. காரணத்தை அறிந்துகொண்டேன். அறிந்த பின் செய்தது குற்றம்.

என் தங்கை தன் கைபேசியில் இரகசியமாகத் தேடியவற்றையெல்லாம் பத்து மாதம் நான் வாசித்தேன். வேறு யாரும் பார்க்க முடியுமா என்று அவள் என்னிடமே கேட்டபோது, முடியாது என்று பொய் சொன்னேன். அவள் இப்போது இல்லை.

இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியவில்லை. இதோடு நிறுத்தவும் முடியவில்லை...

நான் திகதிகளோடு வாழ்கிறவன். எங்கள் வழக்கில் மாசி என்றால் பெப்ரவரி, மார்கழி என்றால் டிசம்பர். அளவை அலுவலகம் ஒன்றில் காணி வரைபடங்களைப் படியெடுத்து ஓய்வு பெற்றேன். அதன்பின் எங்கள் இணுவிலின் வரலாற்றை எழுதிவருகிறேன். எந்தக் கிணறு எப்போது வெட்டப்பட்டது, எந்தக் குடும்பம் எந்த இடப்பெயர்வில் எங்கே போய் எப்போது திரும்பியது... இப்படி. அச்சேறியது கொஞ்சம். மிச்சமெல்லாம் கொப்பிகளில் இருக்கிறது. ஊரில் ஒருவருக்குத் திகதி தேவைப்பட்டால் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. அந்தப் பெருமையையும் சேர்த்தே இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தங்கை பவளராணி. நாங்கள் பவளம் என்போம். கணவனை இழந்தவள். அவளுடைய வீடும் என்னுடையதும் ஒரே வளவில், கிணறும் ஒன்று. ஒரே மகள், ஆரணி.

வெளிநாட்டிலிருந்து கைபேசி வந்தால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்டியைப் பிரித்ததும் அது மின்னஞ்சல் முகவரி கேட்கும். வாங்கியவரிடம் முகவரி இருக்காது. வீட்டில் விஷயம் தெரிந்த ஒருவர் தன்னுடையதைப் போட்டுத் திறந்து கொடுப்பார். எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் நான். என் முகவரியில் நான்கு கைபேசிகள் திறந்திருந்தன. அதை உதவி என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒரு சாவியை நான்கு வீட்டுக்கும் போட்டுவிட்டேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விளம்பரத்தின் காரணத்தைத் தேடிப் போனபோதுதான் அந்தப் பக்கத்தைக் கண்டேன். என் கணக்கில் எந்தக் கைபேசியில் யார் எதைத் தேடினாலும் அங்கே பதிவாகியிருந்தது. நாள், மணி, நிமிடம்! வரலாறு எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கத்தரிக்காய்ப் புழுவுக்கு என்ன மருந்து. விரத நாட்கள். சுவிஸ் நேரம் இப்போது என்ன. அவற்றுக்கு இடையில்,

“மார்பில் கட்டி வலி இல்லை.”

“எல்லாக் கட்டியும் புற்றுநோயா.”

“மஞ்சள் பத்துப் போட்டால் கட்டி கரையுமா.”

அது பவளத்தின் கைபேசி. நான் கதிரையில் அப்படியே இருந்தேன். யன்னலுக்கு வெளியே அவள் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு, தேத்தண்ணி வேண்டுமா என்று கையால் கேட்டாள். வேண்டாம் என்று நானும் கையால் சொன்னேன்.

அன்றே எழுந்து போயிருக்கலாம். “பவளம், தவறுதலாக இதைக் கண்டேன், வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள் வெட்கத்தோடு முடிந்திருக்கும். போகவில்லை. நாளைக்கு என்றேன். நாளைக்கு அந்தப் பக்கத்தில் புதிய வரிகள் இருந்தன...

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மாதம்தான் ஆரணிக்குச் சுவிஸிலிருந்து சம்பந்தம் பேசிவந்தது. கொண்டுவந்தவன் நான். மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் என்னிடம் எல்லாவற்றையும் விசாரித்தார். குடும்பத்தில் நோய் ஏதும் உண்டா என்று நயமாகக் கேட்டார். தகப்பனுக்கு மாரடைப்பு, வேறொன்றும் இல்லை என்றேன். அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்குத் தெரியும்! தங்கை ஏன் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பதும் தெரியும். அந்த வாரத்துப் பதிவுகளில் ஒன்று: “தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருமா.”

அவள் மகளின் கலியாணம் முடியட்டும் என்று காத்திருந்தாள். நான் எதற்காகக் காத்திருந்தேன்?

பங்குனியில் எங்கள் வாசிகசாலையில் ஒரு பேச்சுக்கு என்னை அழைத்தார்கள். கைபேசியில் நம் அந்தரங்கத்தைக் காப்பது எப்படி என்பது தலைப்பு. ஆம், நானேதான் பேசினேன்! உலாவி நம் பின்னால் எப்படி வருகிறது, ஒரு தளத்தில் பார்த்த பொருள் இன்னொரு தளத்தில் எப்படி விளம்பரமாக எழுகிறது, இருப்பிடத்தை எப்படி மூடுவது, எந்தச் செயலிக்கு எந்த அனுமதியை மறுப்பது... எல்லாவற்றையும் படம் வரைந்து விளக்கினேன்.

முன்வரிசையில் இருந்த தோட்டக்காரர் ஒருவர் எழும்பினார். “உரம் என்ன விலையெண்டு நான் பாத்ததை அவன் பாத்து என்ன செய்யப்போறான்? அவ்வளவு அக்கறையெண்டால் வந்து என்ரை வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பனிக்காரனுக்கு நாம் முகமில்லாத ஓர் எண் மட்டுமே என்று பதில் சொன்னேன். முகம் தெரிந்தவன் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்வரிசையில் பெண்களோடு பவளமும் இருந்தாள்.

மறுநாள் பின்னேரம் அவள் கைபேசியோடு வந்தாள். ஆரணிக்கு ஏதோ சேலைப் படம் காட்டும்போது திரையில் அந்தப் பரிசோதனை நிலையத்தின் விளம்பரம் வந்துவிட்டதாம். அதை அவள் என்னிடம் முழுவதும் சொல்லவில்லை. தேவையில்லாத விளம்பரங்கள் வருகின்றன என்று மட்டும் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“ஊருக்கெல்லாம் படிப்பிச்சனீங்கள், எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன். நான் இதிலை தேடிப் பாக்கிறதை வேறை ஆரும் பாக்க ஏலுமோ, அண்ணை?”

“ஏன் கேக்கிறாய்?”

“சும்மாதான்.”

அவள் கண் என் முகத்தில் இல்லை. கைபேசியின் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தருக்கும் தெரியாது, பவளம். உன்ரை போன், உன்னோடைதான்.”

“ஓமோ?”

“ஓம்.”

எத்தனை தடவை இந்த மூன்று வரிகளை எழுதிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் வேறு பதில் எழுதப் பார்க்கிறேன். நடந்ததை மாற்றி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை...

இத்தோடு முடியவில்லை. கைபேசியை என்னிடம் தந்தாள். அமைப்புகளுக்குள் போனேன். விளம்பரங்கள் அவளைத் தொடராதபடி நிறுத்தினேன். அடுத்த பக்கத்தில் என் பெயரும் முகவரியும் இருந்தன. அதன் கீழே, கணக்கை நீக்கு என்ற வரி. என் பெருவிரல் அதன் மேலே நின்றது. தொட்டிருந்தால் அவள் தனியாக, யாரும் பாராத இடத்தில் இருந்திருப்பாள்.

தொடவில்லை.

அக்கறையால்தான் என்று நீண்ட நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு என்ன நடக்கிறது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? நல்ல நியாயம்! உண்மை அதுவல்ல. அடுத்த பதிவு என்ன என்று அறிய விரும்பினேன். வரிசையில் ஒரு திகதி விடுபட்டால் எனக்கு நித்திரை வராது. தங்கையின் பயத்தையும் நான் அந்த வரிசையில் வைத்துவிட்டேன்.

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். “நீங்கள் பக்கத்திலை இருக்கிறது எனக்கு எவ்வளவு ஆறுதல்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு தடவை முயன்றேன். சித்திரையில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கலியாணத்துக்கு முன் எல்லோரும் ஒருமுறை உடம்பைக் காட்டிவிட்டு வருவோம் என்றேன். அவள் எனக்குக் கறி போட்டபடி சிரித்தாள். “முதல்லை உங்கடை பிரஷரைக் காட்டுங்கோ. உப்பைக் குறையுங்கோ எண்டு சொன்னால் கேக்கிறியளே? என்னைப் பாக்க வந்திட்டார்.” ஆரணியும் சேர்ந்து சிரித்தாள். நான் விட்டுவிட்டேன். விடுவதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

வைகாசி, ஆனி, ஆடி... பதிவுகள் வந்தன. கண்ணாடி கையில் இல்லாதபோது அவள் ஒலிவாங்கியை அழுத்திப் பேசித் தேடுவாள். அந்த ஒலியும் சேமிக்கப்பட்டிருந்தது. ஆரணி பக்கத்து அறையில் இருந்திருக்க வேண்டும். பவளம் கிசுகிசுக்கிறாள்: “கட்டி பெருத்தால்... என்ன செய்யிறது.” கிசுகிசுப்பு முடிந்தபின் ஒரு மூச்சு. அந்த மூச்சையும் நான் கேட்டேன். இரண்டாம் தடவையும் கேட்டேன்.

அவற்றுக்கு நடுவே ஆடியில் ஒன்று: “வயதான ஆண்களுக்கு இரத்த அழுத்தம் உப்பு இல்லாத சமையல்.” அவளுக்கு இரத்த அழுத்தம் இல்லை. அந்த மாதம் முழுவதும் எனக்கு வந்த கறிகளில் உப்புக் குறைவாக இருந்தது. நான் குறைசொல்லியிருக்கிறேன்.

ஆவணியில் கலியாணம் சிறப்பாக நடந்தது. படங்களில் பவளம் பச்சைப் பட்டுச் சேலையில், இடது கையை உடம்போடு ஒட்டி வைத்தபடி நிற்கிறாள். எல்லாப் படங்களிலும் அப்படித்தான் நிற்கிறாள்.

புரட்டாதியில் ஆரணி சுவிஸுக்குப் போனாள். அடுத்த திங்கட்கிழமை பவளம் என் வாசலுக்கு வந்து, உடம்பில் சின்னதாக ஏதோ இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட வருவீர்களா என்று கேட்டாள். நான் அதிர்ச்சியடைந்தவனாக நடித்தேன். ஏழு மாதம் தெரிந்த செய்தியை முதல் தடவை கேட்பவன் போல, “என்னது? எப்ப இருந்து?” என்றேன். நடிப்பு எனக்கு நன்றாகவே வந்தது!

மருத்துவர் இளம்பெண். மெதுவாகப் பேசினார். கட்டியை முதலில் எப்போது கண்டீர்கள் என்று கேட்டார்.

“ஒரு ரெண்டு மாதம் இருக்கும், டொக்டர்.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். கூட வந்தவர் ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். குறிப்புப் புத்தகம் என் சேட்டுப் பையில் இருந்தது. அதில் நாளும் நிமிடமும் இருந்தன. ஊருக்கெல்லாம் திகதி சொல்லும் நான் அங்கே வாய் திறக்கவில்லை. மருத்துவர் “இரண்டு மாதம்” என்று எழுதினார். பிழையான திகதி ஒன்று என் கண்முன்னே பதிவேட்டில் ஏறியது. அதைத் திருத்தாமல் இருந்தேன்.

சத்திரசிகிச்சை நடந்தது. மருந்தேற்றினார்கள். பரவிவிட்டது என்றார்கள். ஆரணி திரும்பி வந்தாள். மார்கழியில் பவளத்தை மறுபடி ஆஸ்பத்திரி விடுதியில் சேர்த்தோம். தையில், பொங்கலுக்கு ஒரு வாரம் கழித்து, காலை 6.35க்கு அவள் போனாள். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி. ஆரணிக்குச் சகோதரர் இல்லாததால் கிரியைகளை நானே செய்தேன். அந்தக் கைகளால்...

முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. இன்னொரு மருத்துவரிடம் விசாரிக்கும் துணிவும் எனக்கு வரவில்லை. ஆனால் ஒன்று தெரியும். ஏழு மாதம் அவள் தனியாகப் பயந்தாள். அந்தப் பயத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட கையைப் பிடிக்கவில்லை.

பதிவுகள் இன்னும் என் கணக்கில் இருக்கின்றன. அழித்துவிட்டால் என் குற்றத்துக்கு ஆதாரம் இல்லாமல் போகும். அழிக்காவிட்டால் நான் இன்னும் அவளுடைய அறைக்குள் நின்றுகொண்டிருக்கிறேன். அவளுடைய கிசுகிசுப்புக் குரல் உலகில் வேறெங்கும் இல்லை. இந்த மூன்றில் எதற்காக அழிக்காமல் வைத்திருக்கிறேன்? என்னைக் கேட்காதீர்கள்.

அந்தியேட்டி முடிந்த வாரம் இன்னொன்றைக் கண்டேன். என் கணக்கில் எந்தெந்தக் கைபேசிகள் இணைந்திருக்கின்றன என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் பவளத்தின் கைபேசிக்கு எதிரே, கணக்கிலிருந்து வெளியேறியதாக இருந்தது. மார்கழி, கடைசிப் புதன், காலை 10.20.

அந்த நேரத்தில் அவள் விடுதியில் இருந்தாள். கைபேசி தலையணைக்குக் கீழே கிடக்கும். ஆரணி பக்கத்தில் இருந்தாள். அதன்பின் வந்த மூன்று வாரமும் நான் தினமும் போனேன். புதிய பதிவுகள் வரவில்லை; தேடுவதற்கு அவளுக்குப் பலமில்லை என்று எண்ணிக்கொண்டேன். பவளம் வழமைபோல “அண்ணை” என்றாள். தோடம்பழம் உரித்துத் தரச் சொன்னாள். ஒருநாள் மட்டும் நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, மெலிந்துபோய்விட்டீர்கள் என்றாள்.

ஆரணியிடம் சுற்றிவளைத்து விசாரித்தேன். அம்மாவின் கைபேசியில் தான் எதையும் மாற்றவில்லை என்றாள். நேரே கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். ஆகவே நேரே கேட்கவில்லை. கைபேசி இப்போது சுவிஸில் அவளிடம் இருக்கிறது. தானாகவும் அப்படி நடப்பதுண்டு என்று ஓரிடத்தில் வாசித்தேன். எங்கள் சந்தியில் கைபேசி திருத்துபவர் அது அபூர்வம் என்றார்.

அந்தக் கணக்கை நீக்கியது பவளமா, அப்படியானால் அதில் இருந்த பெயரை அவள் வாசித்தாளா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.