ஒரு முழம் ஈரம்

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும் குழி தோண்டப் போகிற குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். மற்றவர்கள் ஓலையைச் சிலுவையாக முடைந்து வாசலில் செருகிவிட்டு இட்லி சாப்பிட உட்காருவார்கள். நாங்கள் ஓலையும் கையுமாக ஆவடியில் மின்சார ரயில் ஏறி வேப்பம்பட்டில் இறங்குவோம். அங்கே அம்மாவின் பிறந்த வீட்டுக் கழனியில் மாமா கடப்பாரையோடு காத்துக்கொண்டிருப்பார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஒரு காலத்தில் அந்த ஒன்றரை ஏக்கரில் அவர்தான் பயிர் வைத்தார். தொடர்ந்து மூன்று வருஷம் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்துபோனது. ராசியில்லாத கை என்று ஊரில் பேச ஆரம்பித்ததும், போதுமடா சாமி என்று அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் காவலாளி வேலைக்குச் சேர்ந்து, அயனம்பாக்கத்தில் வாடகை வீடு பார்த்துக் குடிபோய்விட்டார். ஆனாலும் வருஷத்துக்கு ஒருநாள் வந்து, பம்பு செட்டு அறையிலிருந்து பத்து அடி தள்ளி ஒரே இடத்தில் தோண்டுவார். எத்தனை ஆழத்தில் ஈர மண் தட்டுகிறதோ அதைக் குச்சியால் அளந்து, அறைச் சுவரில் கரியால் கோடு போடுவார். மேலே இருக்கும் காவிக் கோடுதான் தரை. அதற்குக் கீழே ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கோடு, ஒன்றைவிட ஒன்று கீழே.

எங்கள் குவார்ட்டர்ஸ் கதவில் அப்பா என் உயரத்தைக் குறித்து வைப்பார். அதைப் போல இதுவும் ஏதோ வளர்ச்சிதான் என்று நினைத்து, சின்ன வயதில் கோடு இறங்க இறங்க நான் கைதட்டியிருக்கிறேன். மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். முதல் கோடு ஒரு சாண் ஆழத்தில் இருந்தது. எனக்குப் பத்து வயது ஆவதற்கு முந்தின வருஷத்துக் கோடு இரண்டு முழத்துக்கும் கீழே போய்விட்டது.

மழையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கார்த்திகையில் நாலு நாள் மொத்தமாகக் கொட்டித் தீர்த்து, திருநின்றவூர் வரை ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். தை பிறந்துவிட்டால் பேருக்கு ஒரு தூறல்கூட இருக்காது. பங்குனியில் கழனி அப்பளம் மாதிரி வெடித்துக் கிடக்கும். சுற்றிலும் மனைக்கல் நட்டுக்கொண்டே வந்தவர்கள் எங்கள் வரப்பு வரைக்கும் வந்துவிட்டார்கள். நிலம் மாமா, அம்மா, சித்தி மூவர் பேரிலும் இருந்தது. விற்றுவிடலாம் என்றார் மாமா. அம்மா இழுத்தாள். சித்தி முடியவே முடியாது என்றாள். மாமாவுக்குப் பிறகு அந்த மண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். சித்தப்பா ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்ற, சித்தி கழனியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டு முழம் தாண்டிய அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது பேச்சு முற்றியது. "மண்ணு செத்துப்போச்சும்மா. நான் சொல்லல, செவுரு சொல்லுது" என்றார் மாமா. சித்தி அவரை நேருக்கு நேர் பார்த்து, "இந்தக் குருத்தோல ஞாயித்துக்கு ஒரு மொழத்துக்குள்ள ஈரம் இல்லன்னா நானே வந்து கையெழுத்துப் போடுறேன். இருந்துச்சுன்னா நீ இந்தப் பேச்ச உட்றணும்" என்றாள். மாமா சிரித்துவிட்டு, சரி என்று அவள் கையில் அடித்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சித்தியின் கண் எங்கள் குவார்ட்டர்ஸ் மேல் விழுந்தது அதற்குப் பிறகுதான். பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பு என்றால் மனிதர்களைவிட மரங்கள் அதிகம். தூங்குமூஞ்சி, புங்கை, வேம்பு என்று தெருவுக்குத் தெரு நிற்கும். தை, மாசியில் கொட்டுகிற இலையைப் பெருக்கிக் குவித்துத் தினமும் காலையில் கொளுத்துவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்திருந்த சித்தி அந்தப் புகையைப் பார்த்துவிட்டு, யாரோ சோற்றைக் கீழே கொட்டின மாதிரி பதறிப்போனாள். மறுநாள் காலை ஏழு கோணிப்பையோடு வந்து நின்றாள்.

இலையை மூட்டை கட்டுவது பெரிய காரியம் இல்லை. அதை வெளியே கொண்டுபோவதுதான் காரியம். எங்கள் குடியிருப்பிலிருந்து எந்த மூட்டை வெளியே போனாலும் கேட்டில் சீட்டுக் காட்ட வேண்டும். உள்ளே என்ன என்றார் காவலர். இலை என்றாள் சித்தி. இலையைத் திருடிக்கொண்டு போவதாக யாரும் இதுவரை பிடிபட்டதில்லை என்பதால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் அப்பா வந்தார். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை, காகிதம் இல்லாமல் கடவுளையே நம்பமாட்டார். "இதுக்கு எதுக்கு சண்டை, எழுதிக் குடுத்துட்டாப் போச்சு" என்று அங்கேயே எழுதினார்: காய்ந்த இலை, மூட்டை ஏழு, திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் காவலர் சல்யூட் அடித்தார். பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு எழுதும் வேலை எனக்குத்தான்.

வாரத்தில் மூன்று நாள் சித்தி வருவாள். பள்ளி விட்டதும் நானும் சேர்ந்து அடைப்பேன். ரயிலில் வியாபாரிகள் சரக்கோடு ஏறும் வெண்டார் பெட்டியில் கீரைக்கட்டுக்கும் மீன் கூடைக்கும் நடுவில் எங்கள் மூட்டைகள் ஏறும். "இன்னாக்கா, எலைய வித்துப் பொயக்கிறியா" என்று மீன்காரம்மா கேட்பார். "வூட்ல கொயந்தைக்குப் போத்திவுட எடுத்துகினு போறேன்" என்பாள் சித்தி. பெட்டியே சிரிக்கும். எனக்கு மட்டும் உடம்பு கூசும். ஒருநாள் நான் தலையில் மூட்டையோடு பிளாட்பாரத்தில் நடப்பதை வகுப்புத் தோழி ஒருத்தி பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து எனக்குக் குப்பைவண்டி என்று பேர். அழுதேன். ஆனால் போவதை நிறுத்தவில்லை, அதுவும் என் குணம்தான்.

நெல் அறுத்த கழனியில் உளுந்து விதைத்து, அது நாலு இலை விட்டதும் வரிசைகளுக்கு நடுவே மண்ணே தெரியாமல் இலையைப் பரப்பினோம். கணுக்கால் மூடும் அளவுக்கு மெத்தையாகப் போட்டோம், நாளாக ஆக அது படிந்து நாலு விரல் ஆனது. ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பங்குனி வெயிலில் அக்கம்பக்கத்து நிலமெல்லாம் வெளுத்துக் கிடக்க, எங்கள் உளுந்து மட்டும் பச்சையாக நின்று பூத்தது. ஆனால் மாமா பயிரைப் பார்க்கமாட்டார், குழியைத்தான் பார்ப்பார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் நான் ஒரு வேலை பார்த்தேன். சனிக்கிழமையே சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் அவள் கடைக்குப் போன சமயம், மாமா வழக்கமாகத் தோண்டும் இடத்தில் இலையை விலக்கி, சித்தி வீட்டுத் தொட்டியிலிருந்து ஐந்து குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். மறுபடி இலையைப் பரப்பி மூடினேன். நிலத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். மாமா தோளில் தொங்கிய பையில் விற்பனைப் பத்திரம் தயாராக இருந்தது. பத்து அடி எண்ணி நடந்து, இலையைக் காலால் ஒதுக்கினார். அப்படியே நின்றுவிட்டார். அங்கே தோசைமாவு மாதிரி சேறு. சேற்றில் குடத்தின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது, பக்கத்தில் என் கால் தடம்.

"இன்னாம்மா இது, எங்கிட்டயே டகால்டி வேலையா" என்றார் மாமா. கத்தவில்லை. பையைத் திறந்து பத்திரத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். சித்தி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் அவள் சுமந்த மூட்டை அத்தனையும் ஐந்து குடத்தில் கரைந்துபோனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்தான் ஊற்றினேன் என்று சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதேன். அப்பா என் காதைத் திருகினார்.

சித்தி என்னை அடிக்கவில்லை. "ஒன்ன எவ கேட்டா கண்ணு" என்று மட்டும் சொன்னாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமாவிடம் போனாள். "ண்ணா, இந்த எடம் வேணாம். ஒனக்கு எங்க தோணுதோ அங்க தோண்டு. நான் கிட்டவே வரல."

மாமா அவளைப் பார்த்தார், கழனியைப் பார்த்தார். அந்த நிலத்தில் எந்த மூலை எப்படி என்று அவருக்கு மனப்பாடம். நேராக மேற்கு மேட்டுக்குப் போனார். அங்கேதான் எப்போதும் முதலில் காயும், அவருடைய நெல்லும் அங்கேதான் முதலில் சாய்ந்தது. இலையை ஒதுக்கிக் கடப்பாரையைப் போட்டார். ணங் என்று சத்தம் வரும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொதுக் என்று இறங்கியது.

மண்வெட்டியால் ஒரு சாண் அளவு வெட்டினார். மண் நிறம் மாறி, வரக்காப்பி நிறத்தில் இருந்தது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தார். உருண்டை உடையாமல் நின்றது. நாலு மண்புழு நெளிந்துகொண்டு உள்ளே ஓடின. மாமா இருபது அடி தள்ளிப் போய் இன்னொரு குழி போட்டார். அங்கும் ஒரு சாணில் ஈரம். மூன்றாவதாக வரப்போரம் தோண்டினார், அங்கே ஒன்றரைச் சாண். வேர்த்து ஊற்ற நிமிர்ந்தவர், கரித்துண்டை எடுத்துக்கொண்டு தானே பம்பு செட்டு அறைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கோடு மேலே ஏறியது.

நான் அழுத முகத்தோடு கத்திய கத்து வேப்பம்பட்டு ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். குருத்தோலையை ஆட்டிக்கொண்டு பம்பு செட்டு அறையின் மேல் ஏறி நின்று ஓசன்னா பாடினேன். சித்தப்பா ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்தார். அப்பா மூன்று குழியையும் தன் ஸ்டீல் அளவுகோலால் மறுபடி அளந்து, சரிதான் என்று தலையாட்டினார். அம்மா பத்திரத்தை நாலாகக் கிழித்து இலையோடு இலையாகப் போட்டுவிட்டு, அதுவும் மக்கட்டும் என்றாள். சித்தி சிரித்தாள், அழுதாள், என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தாள். குப்பைவண்டி ஜெயித்துவிட்டது என்று நாளைக்கு வகுப்பில் சொல்லவேண்டிய பேச்சை நான் மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன்.

சித்தி எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். புங்கை மரத்தடியில் எல்லோரும் சாப்பிட்டோம். மாமா மட்டும் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஈர மண் உருண்டை இன்னும் அவர் கையில் இருந்தது. சித்தி அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனாள், நானும் பின்னால் போனேன்.

"ஏம்மா" என்றார் மாமா, மண்ணைப் பார்த்துக்கொண்டே. "அப்ப நானும் இப்டி எலைய போட்டிருந்தா, என் பயிரு நின்னுருக்குமா?"

சித்தி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நின்னுருக்காதுண்ணா. அந்த மூணு வருசம் அடிச்ச வெயிலுக்கு எத போட்டிருந்தாலும் காஞ்சிதான் போயிருக்கும். நீ இன்னா பண்ணுவ."

இது பச்சைப் பொய். அண்ணன் அப்போதே இப்படி மூடி வைத்திருந்தால் ஒரு போகம்கூடப் போயிருக்காது, வாட்ச்மேன் உத்தியோகத்துக்கும் போயிருக்க வேண்டாம் என்று முந்தின வாரம்தான் அம்மாவிடம் அவள் சொன்னாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். "நீதானே சித்தி சொன்ன" என்று ஆரம்பித்தேன். மாமாவுக்குத் தெரியாமல் என் தொடையில் அழுத்திக் கிள்ளினாள். இன்றுவரை யாரும் என்னை அப்படிக் கிள்ளியதில்லை.

மாமா தட்டை வாங்கிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. மூட்டை தூக்கிப் பட்டப்பேர் வாங்கி நாங்கள் ஜெயித்த ஜெயத்தில் பாதியை, தோற்றுப்போனவருக்கு இவள் எதற்காகத் தூக்கிக் கொடுத்தாள் என்று புரியாமல், ஆவடி வந்து இறங்கும்வரை நான் யாரோடும் பேசவில்லை.